கடுக்காய் குடித்த கூரையும் காகிதம் போர்த்திய பலகையும்

மே மாதம் பிறந்தால் நம் குடியிருப்பில் ஒரு பழைய வழக்கு மறுபடி எடுக்கப்படும். "மொட்டை மாடிக்கு ஏதாவது செய்யுங்கள், இரவு பத்து மணிக்கும் சீலிங் அனலாகக் கொட்டுகிறது" என்பார்கள் கடைசி மாடிக்காரர்கள். "உங்கள் வீட்டுக்கு நீங்களே ஃபால்ஸ் சீலிங் போட்டுக்கொள்ளுங்கள், சங்கப் பணம் எதற்கு?" என்பார்கள் கீழே இருப்பவர்கள். இரண்டு பக்கமும் ஏதோ ஒரு கான்ட்ராக்டர் சொன்னதைச் சாட்சிக்கு அழைப்பார்கள். அடுத்த பொதுக்குழுவிலும் இது வரத்தான் போகிறது. அதற்கு முன், நம் ஊர்ப்பக்கத்து வீடுகள் வெயிலை எப்படிச் சமாளித்தன, இந்த ஜிப்சம் போர்டு எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை பார்த்துவிடலாம்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வெயிலைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கோடையில் வானிலை மையத்தின் பட்டியலில் வேலூரும் திருத்தணியும் முதலிடத்துக்குப் போட்டி போடுவது வழக்கம். சுற்றிலும் மொட்டைப் பாறைக் குன்றுகள், வருடத்தில் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் பாலாறு, எட்டாத தொலைவில் கடல். இந்த வெயிலுக்கு நம் முன்னோர் கண்ட முதல் பதில் கூரைக் கீற்று. தென்னங்கீற்றும் பனையோலையும் வேய்ந்த கூரைக்குள் சிறுசிறு காற்றுப் பைகள் ஆயிரக்கணக்கில் அடைபட்டிருக்கும். இன்று தெர்மோகோலும் ராக்வூலும் செய்வது அதே வேலையைத்தான். அசையாமல் அடைபட்ட காற்று வெப்பத்தைச் சுலபத்தில் கடத்தாது. கீற்றுக்கு இருந்த குறை தீயும் கரையானும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் செலவும்.

வசதி உள்ளவர்கள் கட்டியது மெட்ராஸ் டெரஸ். தெற்கு மாவட்டங்களில் மட்டப்பா என்பார்கள். வேலூரிலும் வாணியம்பாடியிலும் பழைய தெருக்களில் இன்னும் சில வீடுகள் இப்படி நிற்கின்றன. சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரமும் சரங்களும். அவற்றின் மேல் சிறிய, மெல்லிய அச்சுக்கல்லைக் குத்துவாக்கில், மூலைவாட்டத்தில், சுண்ணாம்புச் சாந்து வைத்து வரிசையாக நிறுத்துவார்கள். அது இறுகியதும் அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை. பிறகுதான் உண்மையான வேலை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையடக்கக் கட்டையால் அந்தத் தளத்தை நாள்கணக்கில் அடிப்பார்கள். கட்டை துள்ளித் திரும்பும் அளவுக்குத் தளம் கெட்டிப்படும் வரை அடி நிற்காது. அடிக்கும்போது தெளிப்பது வெறும் தண்ணீர் இல்லை, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். கடைசியாக, தட்டோடு பதித்து முடிப்பார்கள். இந்தச் சுண்ணாம்புக் கலவைத் தளம் போடும் முறைக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 3036 என்று ஒரு விதிமுறையே எழுதி வைத்திருக்கிறது.

கடுக்காய் நம் பகுதிக்குப் புதிதா என்ன? ஜவ்வாது மலையிலிருந்து மலைமக்கள் பொறுக்கி இறக்கும் கடுக்காய்க்கு இங்கே இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஒருவர் கொத்தனார், இன்னொருவர் தோல் பதனிடுபவர். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிய தோல் பெரும்பாலும் ஆவாரம்பட்டையில் பதனிட்டது. பட்டைத் தொட்டியிலிருந்து எடுத்த தோலைக் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு நிறத்தை வெளுப்பாக்கிக் காப்பார்கள். கடுக்காயில் உள்ள டானின் என்னும் துவர்ப்புச் சத்துதான் தோலைத் தோலாக நிறுத்துகிறது. அதே துவர்ப்புச் சத்தும் வெல்லத்தின் சர்க்கரையும் சுண்ணாம்புக் கலவையை உடனே வறண்டுவிடாமல் வைத்து, நாள்கணக்கில் அடித்து நெருக்க இடம் கொடுத்தன. சுண்ணாம்பும் அப்படித்தான் இரண்டு பக்கமும் வேலை செய்தது. பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்தால்தான் முடி உதிரும். 1903 வாக்கில் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோம் முறையைச் சோதித்துப் பார்க்கும் வரை, இந்தத் தொழிலின் வாசனை பெரும்பாலும் பட்டை, கடுக்காய், சுண்ணாம்பு வாசனைதான். குரோமும் அதன் பின்விளைவும், 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல அமைப்பின் வழக்கில் தந்த தீர்ப்பும் வேறொரு இதழுக்கு உரிய கதை.

உதிர்ந்த முடி எங்கே போனது? இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அதற்கு ஒரு நிச்சயமான இடம் இருந்தது: வீட்டுச் சுவர். அங்கே மர வீடுகள் அதிகம். மெல்லிய மரப்பட்டிகளை இடைவெளி விட்டு ஆணியடித்து, அதன்மேல் சுண்ணாம்புச் சாந்தைப் பூசுவார்கள். சாந்து வெடிக்காமல் பிடித்துக்கொள்ள, தோல் பதனிடும் இடங்களிலிருந்து வாங்கிய ஆட்டு முடியையும் மாட்டு முடியையும் அலசிக் கலப்பார்கள். முடியை அழுத்திச் செய்த நமுதாவை நீராவிக் குழாய்களுக்குச் சுற்றி வெப்பம் வெளியேறாமல் காத்தார்கள். தோல் தொழிலின் கழிவு, உலகின் முதல் தலைமுறை இன்சுலேஷன் பொருள்களில் ஒன்றாக இருந்திருக்கிறது. ஆம்பூர்க்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய செய்தி இது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த மரப்பட்டிச் சுவரை ஓரங்கட்டிய பொருள்தான் இன்று நம் வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியலாக வரும் ஜிப்சம் போர்டு. ஜிப்சம் என்பது தண்ணீரைத் தனக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கும் கல். அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். சுமார் 150 டிகிரிக்குச் சூடாக்கினால் அந்தத் தண்ணீரில் முக்கால் பங்கு ஓடிவிடும், மிஞ்சும் தூள்தான் பாரிஸ் சாந்து, நாம் சொல்லும் பி.ஓ.பி. மறுபடி தண்ணீர் ஊற்றினால் நிமிடங்களில் கல்லாகிவிடும். பாரிஸ் நகரத்தின் மோன்மார்த்ர் குன்றில் ஜிப்சம் வெட்டி எடுத்ததால் அந்தப் பெயர். 1666-ல் லண்டன் எரிந்த மறு வருடமே, பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி, பாரிஸின் மர வீடுகளுக்கு இந்தச் சாந்தைப் பூச வேண்டும் என்று ஆணையிட்டார். தீ பட்டால் கல்லுக்குள் இருக்கும் தண்ணீர் முதலில் ஆவியாக வேண்டும், அதுவரை பின்னால் இருக்கும் மரத்துக்குச் சூடு ஏறாது.

அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894-ல் காகிதத் தாள்களுக்கு நடுவே இந்தச் சாந்தை வைத்துப் பலகையாக்கிக் காப்புரிமை பெற்றார். யுனைடெட் ஸ்டேட்ஸ் ஜிப்சம் நிறுவனம் 1909-ல் அவருடைய தொழிலை வாங்கியது, 1917-ல் ஷீட்ராக் என்ற பெயரில் பலகையை விற்கத் தொடங்கியது. முதலில் யாரும் இதை மதிக்கவில்லை. நல்ல வீடு என்றால் கையால் பூசிய சுவர் என்றே நினைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தபோது ஆளும் இல்லை, நேரமும் இல்லை. வாரக்கணக்கில் பூசிக் காயவைக்கும் வேலையைப் பலகை சில நாட்களில் முடித்தது. ஈரச் சாந்து இல்லாமல் எழும் சுவர் என்பதால் டிரைவால் என்ற பெயரும் நிலைத்தது. ஆட்டு முடி செய்த வேலையை இப்போது இரண்டு பக்கத்துக் காகிதமும் பலகைகளின் இணைப்பில் ஒட்டும் டேப்பும் செய்கின்றன. அந்த டேப் இல்லாமல் வெறும் பட்டியை மட்டும் தேய்த்துவிட்டுப் போனால், ஆறே மாதத்தில் சீலிங்கில் நூல் பிடித்த மாதிரி நேர்க்கோடு விழும். நம் பிளாக்குகளில் நடந்து பார்த்தால் அந்தக் கோட்டை எத்தனையோ வீட்டுக் கூடத்தில் பார்க்கலாம்.

நம் நாட்டில் சுவர் என்றால் செங்கல், அதனால் டிரைவாலுக்கு நெடுநாள் வேலை இருக்கவில்லை. அலுவலகத் தடுப்பாகவும் ஃபால்ஸ் சீலிங்காகவும் வந்து, பிறகு வீட்டுக்குள் நுழைந்தது. ஜிப்சம் கல் பெரும்பகுதி ராஜஸ்தானில் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துக் களிமண்ணிலும் உண்டு, அது சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. இன்னொரு வழியும் உண்டு. உர ஆலைகளில் பாஸ்பாரிக் அமிலம் தயாரிக்கும்போது மலைபோல் ஜிப்சம் மிஞ்சும். அதில் கண்ணாடி இழை கலந்து அறைச்சுவர் அளவுக்குப் பெரிய பலகைகள் வார்க்கும் ஆஸ்திரேலியத் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்டு, 2013-ல் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் நான்கு வீடுகள் கொண்ட இரண்டு மாடிக் கட்டடத்தை ஏறக்குறைய ஒரே மாதத்தில் எழுப்பிக் காட்டினார்கள். அன்று முடி, இன்று கண்ணாடி இழை, அவ்வளவுதான்.

நடுவில் வந்த இன்னொரு இழையையும் சொல்லாமல் விட முடியாது: ஆஸ்பெஸ்டாஸ். தீப்பிடிக்காது, மலிவு, லேசு. அரக்கோணத்தில் 1960-களிலேயே இந்தச் ஷீட்டுக்கு ஆலை வந்துவிட்டது. ஷெட், குடோன், சிறு வீடு என்று நம் பகுதி முழுக்கக் கூரையேறியது. வெயிலைத் தடுப்பதில் அது சுத்த மோசம் என்று அதன் கீழே ஒரு மதியம் இருந்தவர்களுக்குத் தெரியும். அதைவிட முக்கியம், எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸ் இழையும் புற்றுநோயைத் தரக்கூடியது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய ஷீட் உடையாமல் அசையாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. அறுத்தால், துளையிட்டால், உடைத்தால் தூசி பறக்கும். மாடி வேலைக்கு வருபவர்கள் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் இருக்கும் பழைய ஷீட்டைச் சும்மா தட்டி உடைத்துக் குப்பையில் போட விடக்கூடாது.

சரி, நம் கூரைக்கு என்ன ஆயிற்று? இந்தியாவில் சிமென்ட் செய்யும் முதல் முயற்சி 1904-ல் சென்னையில்தான் நடந்தது, கடல் சிப்பியை வைத்து. அது நிலைக்கவில்லை. ஆனால் சிமென்ட்டும் கம்பியும் மெல்ல மெல்லத் தேக்கையும் சுண்ணாம்பையும் வெளியே தள்ளின. ஒன்பது அங்குலத்தை நெருங்கும் மெட்ராஸ் டெரஸ் இருந்த இடத்தில் ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம். முதல் தலைமுறை கான்கிரீட் வீடுகளில் மேலே செங்கல் ஜல்லிச் சுருக்கியும் தட்டோடும் விடாமல் போட்டார்கள். பிறகு சுண்ணாம்பு போய் அங்கேயும் சிமென்ட் வந்தது. அடிக்கும் ஆளுக்குக் கூலி யார் கொடுப்பது? கடைசியில் பல அடுக்குமாடிகளில் ஒரு சரிவுப் பூச்சும் ஒரு வரிசை ஓடும் மட்டும் மிஞ்சின.

இங்கே பழையதைப் புகழ்ந்துவிட்டுப் போவது எளிது. நான் அப்படிச் செய்யப்போவதில்லை. மெட்ராஸ் டெரஸ் வெப்பத்தைத் தடுக்கவில்லை, தாமதப்படுத்தியது. கனமான தளம் பகலெல்லாம் சூட்டைக் குடித்து, பொழுது சாய்ந்தபின் மெதுவாக உள்ளே விடும். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இல்லை, திண்ணையிலும் முற்றத்திலும் மொட்டை மாடியிலும் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். நாம் கதவைச் சாத்தி ஏ.சி. போட்டுக்கொண்டு, அந்தத் தளத்துக்கு நேர் கீழே படுக்கிறோம். அதனால் நமக்கு வேண்டியது தாமதம் மட்டும் இல்லை, தடுப்பும்தான்.

இதற்கு ஒரு அளவுகோல் உண்டு. மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா, புதிய வீடுகளின் கூரைக்கு யூ மதிப்பு 1.2-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் எத்தனை வாட் வெப்பம் நுழையும் என்பதே யூ மதிப்பு. வெறும் கான்கிரீட் தளத்துக்கு இது சுமார் 3.5. அதன் கீழே 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டில் வெறும் ஃபால்ஸ் சீலிங் போட்டால், இடையில் அடைபடும் காற்றையும் சேர்த்து, என் கணக்கில் 2-ஐ ஒட்டித்தான் இறங்குகிறது. அதே சீலிங்குக்கு மேலே 50 மி.மீ. கண்ணாடிக் கம்பளியோ ராக்வூலோ விரித்தால் 0.6 பக்கம் வந்துவிடும். மொட்டை மாடியில் 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். பலகை பதித்து மேலே கான்கிரீட்டும் ஓடும் போட்டாலும் ஏறக்குறைய அதே அளவு. ஆக, "ஜிப்சம் போர்டு போட்டால் ஏ.சி. மாதிரி இருக்கும்" என்று சொல்லும் கான்ட்ராக்டர் பாதி உண்மையைத்தான் சொல்கிறார். போர்டு தீயைத் தாமதப்படுத்தும், ஒயரை மறைக்கும், அழகாக இருக்கும். வெப்பத்தைத் தடுப்பது அதன் முதுகில் இருக்கும் கம்பளி.

உள்ளேயா, மேலேயா என்பதில் எனக்கு ஒரு கட்சி உண்டு. மேலே போடுவதுதான் மேல். கான்கிரீட் தளமே சூடேறாது, வெயிலில் விரிந்து இரவில் சுருங்கி வெடிப்பு விடுவதும் குறையும். உள்ளே போட்டால் தளம் பழையபடி காயும், நாம் மட்டும் தப்பிப்போம். ஆனால் மேலே போடுவது தனி வீட்டுக்காரர் கையில் இல்லை. 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமே பொதுப் பகுதி என்பதன் விளக்கத்தில் மொட்டை மாடியைச் சேர்த்திருக்கிறது. தளத்தில் வெடிப்பு விட்டு மழைநீர் கம்பிக்குப் போனால் துருப்பிடிப்பது மேல்வீட்டுக் கம்பி மட்டும் இல்லை. கீழ்மாடிக்காரர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். மேல்மாடிக்காரர்களும் ஒன்றை ஒத்துக்கொள்ளலாம்: முதல் வருடம் வெள்ளைப் பூச்சு மட்டும் அடித்துப் பார்ப்பது மிகக் குறைந்த செலவு. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் கூரைக்குத் தெலங்கானா 2023-ல் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. தூசி படிந்தால் பலன் குறையும், ஆகவே கோடைக்கு முன் கழுவ வேண்டும்.

எந்த வேலைக்கு ஆளை அழைத்தாலும் ஒழுகலை முதலில் முடிக்க வேண்டும். கம்பளி நனைந்தால் அதற்குள் இருந்த காற்று போய்விடும், அதோடு தடுப்பும் போய்விடும். ஜிப்சம் போர்டு நனைந்தால் காகிதம் பூஞ்சை பிடித்து, பலகை தொய்ந்து விழும். குளியலறைப் பக்கம் என்றால் ஈரம் தாங்கும் பச்சை நிறப் போர்டு கேளுங்கள், அதுவும் ஒழுகலைத் தாங்காது. விலைப்பட்டியலில் சதுர அடிக்கு ஒரே ஒரு தொகை எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு, போர்டின் தடிமன், ஜி.ஐ. சேனலின் கனம், சேனல்களுக்கு இடைவெளி, கம்பளியின் தடிமனும் அடர்த்தியும், டேப் உண்டா இல்லையா என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். போர்டின் பின்பக்கத்தில் ஐ.எஸ். 2095 முத்திரை இருக்கும். மேலே ஏறிவிட்டால் அதைப் பார்க்க முடியாது, ஆகவே இறக்கும் அன்றே பார்க்க வேண்டும். மின்விசிறிக் கொக்கி கான்கிரீட்டில்தான் தொங்க வேண்டும், சேனலில் இல்லை. ஏ.சி. குழாய்க்குக் கீழே திறந்து பார்க்க ஒரு சிறு கதவு விடச் சொல்லுங்கள், பிற்பாடு அறுப்பதைவிட அது மலிவு. கண்ணாடிக் கம்பளி விரிக்கும் பையன்களுக்கு முகக்கவசமும் கையுறையும் கான்ட்ராக்டர் தரவில்லை என்றால் சங்கமே வாங்கிக் கொடுத்துவிடலாம்.

மாடி வேலை என்றால் மீதத் தொகையில் ஒரு பங்கை ஒரு மழை முடியும்வரை நிறுத்தி வைப்பது நல்லது, அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். தண்ணீர் கட்டி நிறுத்திச் சோதிப்பதை எல்லோரும் சொல்வார்கள், செய்யவும் வேண்டும். ஆனால் 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட அந்த வாரங்களில் நாள்கணக்காக விடாமல் அடித்த மழைக்கு அந்தச் சோதனை ஈடாகாது. மார்ச்சில் வேலையை முடித்தால் வெயிலுக்குப் பலன் கிடைக்கும், மழைக்குச் சோதனையும் அதே ஒப்பந்தக் காலத்துக்குள் வந்துவிடும். ஜூலையில் பேசத் தொடங்கினால் விலை கேட்டு, பொதுக்குழு கூட்டி, ஆள் பிடிக்க அவ்வளவு காலம் பிடிக்கும்.